கருவாட்டுக்கு ரீல்ஸ் போடலாமா, வாய்ப்பேச்சையே நம்பலாமா?

தங்கச்சிமடம்_பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் அம்மாவும் நானும் கருவாடு போடுகிறோம். அம்மா காலங்காலமாக மொத்த வியாபாரிக்குத்தான் போட்டுவந்தார். நான் பி.காம். முடித்ததும், கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டாகக் கட்டி நேரடியாக விற்கலாம் என்று தொடங்கினேன். நெத்திலி, சீலா, காரல், அப்புறம் மாசிக் கருவாடு. மணலில் பரப்புவதில்லை, கம்பு நட்டு வலை கட்டி அதன்மேல் காய வைக்கிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து 14 இலக்க எண்ணும் லேபிளில் போட்டாயிற்று.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. மதுரை, திருப்பூர், சென்னை. புதிதாக யார் கேட்டாலும் எங்கள் எண் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்துவிடுவேன். "ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற அக்கா கொடுத்தாங்க", "மாடி வீட்ல வாங்கினாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். நாங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் வந்தவர்கள். ஆனால் ஒரு வாரம் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் வருவார்கள், அப்புறம் பல நாள் ஒருவரும் வரமாட்டார்கள். ஏன் இப்படி என்று பிடிபடவில்லை.

இப்போது மதுரையில் ஒரு விளம்பர ஏஜென்சிக்காரர், சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவரை அழைத்துவந்து ரீல்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். பதினைந்தாயிரம் கேட்கிறார். அவர் காட்டிய ஸ்லைடில் "88 சதவீதம் பேர் தெரிந்தவர் சொல்வதைத்தான் நம்புகிறார்கள்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அக்கா வீட்டு மச்சானோ, புது ஆளைச் சேர்த்துவிடுகிறவருக்கு ஆர்டருக்கு ஐம்பது ரூபாய் கொடு என்கிறார். அம்மா இரண்டுக்கும் முகம் சுளிக்கிறார். "காசு கொடுத்தா நம்மளப் பத்திப் பேசச் சொல்றது?" என்கிறார்.

வாய்ப்பேச்சு உண்மையில் எப்படி நகர்கிறது? அதை நாம் கொஞ்சம் தள்ளிவிட முடியுமா? பணம் கொடுத்தால் கெட்டுவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_பனியன்:

பொருள் நல்லா இருந்தா தானாப் பரவுமுங்க. எதுக்குக் குழப்பிக்கிறீங்க? அந்தப் பதினஞ்சாயிரத்துக்கு நெத்திலி வாங்கிப் போடுங்க.

கீழக்கரை_காக்கா:

தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் திருப்பூர் நண்பருக்கு ஒரு வார்த்தை.

பொருள் நன்றாக இருந்தால் தானாகப் பரவும் என்றால், மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் நல்ல கருவாடு போட்ட அம்மாக்கள் எல்லாரும் இந்நேரம் பெரிய வியாபாரிகளாகியிருக்க வேண்டும். எத்தனை பேர் ஆனார்கள்? அவர்கள் சரக்கு மொத்த வியாபாரியின் சாக்கில் ஏறி, மற்றவர் சரக்கோடு கலந்து, எங்கோ ஒரு சந்தையில் தராசுக்குப் போனது. வாங்கிச் சாப்பிட்டவர் "நல்லா இருந்துச்சே" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார். யாருடைய கருவாடு என்று சொல்ல அவரிடம் ஒரு பெயர் கிடையாது. பேச்சு வந்து சேர்வதற்கு ஒரு பெயரும் ஒரு எண்ணும் வேண்டும். பாக்கெட்டில் நீங்கள் பெயர் போட்ட அன்றைக்குத்தான் உங்களுக்கு இந்தக் கதவே திறந்தது.

நான் துபாயில் சூப்பர்மார்க்கெட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். வீட்டில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கிறோம். கிண்டுவது வீட்டம்மா, பார்சலும் கணக்கும் நான். மகள் எம்.பி.ஏ. படித்தபோது அவளுடைய பாடப் புத்தகங்களை அவளைவிட நான்தான் அதிகம் புரட்டினேன் என்று இன்றைக்கும் கேலி செய்வாள். அதனால் கொஞ்சம் புத்தக வாடையும் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 88 சதவீதம் பொய்யில்லை. நீல்சன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2021இல் 56 நாடுகளில் நாற்பதாயிரம் பேரிடம் கேட்டு எடுத்த கணக்கு அது. ஆனால் அது சொல்வது என்ன? தெரிந்தவர் சொன்னால் நம்புவோம் என்கிறார்கள். தெரிந்தவர் சொல்வாரா என்பது வேறு கேள்வி, அதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. தெரிந்தவர் பேச்சின் மதிப்பைக் காட்டிவிட்டு, உங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாத ஒருவரின் ரீல்ஸை அந்த ஏஜென்சிக்காரர் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். சாமர்த்தியசாலிதான்.

சரி, தெரிந்தவர் எப்போது சொல்வார்? என் அனுபவத்தில் இதற்கு ஒரே அளவுகோல்தான். ஒரு பொருளை நல்லது என்று இன்னொருவரிடம் சொல்கிறவர் தன் பெயரை அடகு வைக்கிறார். சென்னையில் ஒரு அக்கா உங்கள் நெத்திலியை ஆபீஸில் ஒருத்தியிடம் சொல்லி, அவள் வாங்கி, பல்லில் மணல் கடிபட்டால், அவள் உங்களையா நினைப்பாள்? அக்காவைத்தான் நினைப்பாள். "அவங்க சொன்னாங்கன்னு வாங்கினேன்" என்பாள். அதனால்தான் மனிதர்கள் தாங்கள் வாங்குவதையெல்லாம் அடுத்தவருக்குச் சொல்வதில்லை. ஒரு தடவை பிரமாதம், மறு தடவை உப்புக்கரிப்பு என்றால், அந்த அக்கா தனக்கு வாங்குவதை நிறுத்தமாட்டார். கூட ஒரு தடவை கழுவிப் போட்டுக்கொள்வார். ஆனால் வெளியில் வாய் திறக்கமாட்டார்.

ஃப்ரெட் ரைக்ஹெல்ட் என்று ஒருவர் 2003இல், வாடிக்கையாளரிடம் கேட்க ஒரே கேள்வி போதும் என்று எழுதினார். "எங்களை உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா, பத்துக்கு எத்தனை?" என்பதுதான் கேள்வி. ஒன்பதும் பத்தும் கொடுத்தவர்களை மட்டும்தான் அவர் நமக்காகப் பேசுகிறவர்கள் பக்கம் சேர்க்கிறார். ஏழு, எட்டு கொடுத்தவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் எண்பது மார்க் வாங்கினால் வீட்டில் மிட்டாய் கொடுப்பார்கள், இவர் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தால் சரிதான். எட்டு கொடுத்தவர் திரும்ப வாங்குவார், பெயரை அடகு வைக்கமாட்டார். அதற்காக நீங்கள் எல்லாரிடமும் மார்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரே உப்பு, ஒரே காய்ச்சல், மணல் இல்லை. இதைப் பிடித்து வையுங்கள். அம்மா கைப்பதத்தில் உப்புப் போடுவார் என்றால், அவர் கை போடுவதை ஒரு நாள் தராசில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கருவாட்டுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எர்னஸ்ட் டிக்டர் என்ற விளம்பர ஆராய்ச்சியாளர் 1966இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஜனங்கள் ஏன் ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நாலு காரணம் சொல்கிறார். பொருள் தந்த சந்தோஷம் தாங்காமல் பேசுவது, தன்னைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டப் பேசுவது, அடுத்தவருக்கு நல்லது செய்யலாமே என்று பேசுவது, விளம்பரமே வேடிக்கையாக இருப்பதால் பேசுவது. கடைக்காரன் பிழைக்கட்டும் என்பது அந்த நாலில் இல்லை, கவனியுங்கள். எங்கள் தொதலுக்கு இரண்டாவது காரணம் நன்றாக வேலை செய்யும். "எங்க ஊர் பண்டம்" என்று பெருமையாக ஆபீஸில் டப்பாவைத் திறந்து வைப்பார்கள், கேட்காதவனுக்கும் ஒரு துண்டு கிடைக்கும். கருவாட்டை அப்படித் திறந்து வைக்க முடியுமா? அடுக்குமாடி வீட்டில் கருவாடு வறுக்கிறவர்கள் முதலில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஆசையாகச் சாப்பிடுவார்கள், ஆனால் யாரிடம் சொல்லலாம் என்று ஆள் பார்த்துத்தான் சொல்வார்கள். கருவாட்டுப் பேச்சு நம்பிக்கையான வட்டத்துக்குள்தான் சுற்றும்.

உங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஆர்டர் வந்து அப்புறம் ஓய்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு மாடியில், ஒரு ஆபீஸில் பேச்சு நடக்கிறது. அங்கே வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் அந்த வாரமே வாங்கிவிடுகிறார்கள். அந்த வட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதற்குமேல் சொல்ல ஆளில்லை. யாராவது ஒருவர் வேறு வட்டத்துக்குள் கால் வைக்கும்வரை அமைதிதான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்கு. எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம். அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். நெருங்கினவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து ஆள்தான் புது இடத்துச் செய்தி கொண்டுவருவார். எங்கள் தொதலும் அப்படித்தான் போனது. சொந்தக்காரர்கள் வாங்குவார்கள், அவர்கள் சொல்வதும் சொந்தக்காரர்களுக்குத்தான். துபாய் தேராவில் எங்கள் ஊர்ப் பையனோடு ஒரே ரூமில் இருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ருசி பார்த்து, லீவுக்கு வந்தபோது தன் தங்கை கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் காவிரிப் பக்கமே எங்களுக்குத் திறந்தது.

உங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட தூரத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், யாரும் கவனிப்பதில்லை. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், உச்சிப்புளியில் கடற்படை விமான தளம். அப்புறம் வங்கிக்காரர்கள், ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள். எல்லாரும் சில வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர்கள். அவர்களில் கருவாடு சாப்பிடுகிற ஒரு வீட்டைப் பிடித்தால், அடுத்த மாற்றலில் உங்கள் எண் அவர்களோடு வேறு ஊருக்குப் போகும். ரீல்ஸ்காரருக்குக் கொடுக்க நினைத்ததில் ஒரு சிறு பங்குக்கு அங்கே ருசிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று செய்யுங்கள். ஒவ்வொரு பார்சலிலும், வாங்கிய சரக்கு தவிர, ஒட்டிய ஐம்பது கிராம் நெத்திலிப் பாக்கெட் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். வாடை வராமல் நன்றாக ஒட்டி, பெயரும் எண்ணும் பெரிதாக. "இது நீங்கள் யாருக்காவது கொடுக்க" என்று ஒரு வரி எழுதுங்கள். கருவாட்டைப் பற்றி ஆபீஸில் பேச வெட்கப்படுகிறவரும் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வெட்கப்படமாட்டார். பேச வேண்டியதைப் பாக்கெட் பேசிக்கொள்ளும்.

இனி பணம். உங்கள் மச்சான் சொல்கிற ஐம்பது ரூபாய் எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் சொல்கிறேன். மாடி வீட்டு அக்கா இதுவரை பிரியத்தில் சொன்னார். ஐம்பது ரூபாய் வாங்கிய பிறகு, அதே வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சம் வரும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் "ஓ, அதுக்குத்தானா" என்று முன்பு சொன்னதும் சேர்ந்து அழிந்துபோகும். இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்க இடம் தரும் ட்ராப்பாக்ஸ் கம்பெனி ஆள் சேர்த்த விதம் வேறு. அழைத்தவருக்கும் வந்தவருக்கும், இருவருக்கும், ரொக்கமாக இல்லாமல் கூடுதல் சேமிப்பு இடமாகக் கொடுத்தது. சொல்கிறவர் "உனக்கும் கிடைக்கும்" என்று மனசு கூசாமல் சொல்லலாம். நீங்களும் கொடுக்க விரும்பினால் இருவருக்கும் சரக்காகக் கொடுங்கள். அதைவிட நல்லது, முன்கூட்டி அறிவிக்காமல், ஆள் வந்த பிறகு "அக்கா, உங்க தோழி வாங்கினாங்க, இந்தத் தடவை பார்சல்ல கொஞ்சம் மாசி வச்சிருக்கேன்" என்று ஒரு மெசேஜ்.

ரீல்ஸ் எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அது விளம்பரம், விளம்பரம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். ஒரு பயம் மட்டும் உண்டு. ரீல்ஸ் ஓடினால் ஆர்டர் மொத்தமாக ஒரே வாரத்தில் வந்து விழும். வெயிலை அவசரப்படுத்த முடியாது. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி அனுப்பினால், முதல்முறை வாங்கிய அத்தனை பேரும் பூஞ்சை பிடித்த பாக்கெட்டைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவார்கள். அதுவும் வாய்ப்பேச்சுதான்.

அம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம்_ரிசப்ஷன்:

காக்கா சொன்னது வீட்டில் இருந்து விற்கிறவர்களுக்குச் சரி. ஆனால் பணம் கொடுத்தால் பேச்சு கெட்டுவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் ராமேஸ்வரத்தில் ஒரு சின்ன லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். இங்கே பாதிப் பேச்சு கமிஷனில்தான் ஓடுகிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர் ஆட்டோக்காரரிடம்தான் "நல்ல ரூம் எங்கே?" என்று கேட்கிறார். எந்த வாசலில் கமிஷன் கிடைக்குமோ அங்கே ஆட்டோ நிற்கும். கொடுக்காத லாட்ஜ் காலியாகக் கிடக்கும். காரணம் எளிது. வருகிறவர் அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தனுஷ்கோடி பார்த்துவிட்டுப் போனால் அநேகமாக ஆயுசில் ஒரு தடவைதான். ரூம் மோசமாக இருந்தாலும் ஆட்டோக்காரரைத் தேடிப்பிடித்துக் கேட்க அவர் திரும்ப வரப்போவதில்லை. காக்கா பாஷையில் சொன்னால், இங்கே பெயர் அடகில் இல்லை, அதனால் காசு நுழைந்துவிடுகிறது.

ஆனால் இதிலேயே இன்னொரு ரகம் இருக்கிறது. வடக்கே இருந்து பஸ்ஸில் ஊரையே கூட்டிவரும் தலைவர்கள். யாத்திரிகர் ஒரு தடவை வருகிறவர், தலைவர் வருடா வருடம் வருகிறவர். அவருக்கும் சலுகை உண்டுதான், இலவச ரூம், சாப்பாடு. ஆனால் பாத்ரூமில் தண்ணீர் வராவிட்டால் கூட்டிவந்த ஜனம் ஊர் போகும்வரை அவரைப் பிடித்து உலுக்கும். அதனால் கமிஷனும் வாங்குவார், மாடி ஏறிப்போய்க் குழாயையும் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்டவருக்குக் கொடுக்கிற காசு வீண் போவதில்லை.

தங்கச்சிமடம் அக்காவுக்கு என் யோசனை: பாம்பன் பாலம் பார்க்க வருகிற வேன் டிரைவர்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு, ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்காதவர் இல்லை. மதுரை, கோயம்புத்தூர் டிரைவர்கள் சீசனில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள், அவர்கள் முதலாளியின் வாடிக்கையாளரைத்தான் கூட்டிவருகிறார்கள். அவர்களுக்குப் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தப்பே இல்லை. அவர்கள் கெட்ட சரக்கைக் காட்டமாட்டார்கள்.

கீழக்கரை_காக்கா:

தம்பி சொல்வதை ஏற்கிறேன். பஸ் தலைவர் கதை அருமை. சொல்கிறவர் திரும்ப அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் காசு அவ்வளவாகக் கெடுக்காது. மாடி வீட்டு அக்காவுக்கு ஐம்பது ரூபாய் வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. அவர் டிரைவர் இல்லை, தோழி.

சாயல்குடி_பனங்காடு:

ஊர்ப் பெயரை விட்டுவிட்டீர்களே. சாயல்குடி கருப்பட்டி என்றால் வெளியூர்க்காரர் நம்பி வாங்குகிறார், எங்கள் பெரியவர்கள் சேர்த்து வைத்த பேச்சு அது. ஆனால் சீனி கலந்து காய்ச்சியதும் அதே பெயரில்தான் போகிறது. ஒருவர் ஏமாந்தால் "சாயல்குடியே இப்படித்தான்" என்று மொத்தமாகப் போகிறது, நல்லதாகக் காய்ச்சுகிறவனும் அதில் அடங்குகிறான். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். கருவாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் தங்கச்சிமடம் என்று பெரிதாகப் போட்டு உங்கள் பெயரைச் சிறிதாகப் போடாதீர்கள். இரண்டும் ஒரே அளவில் இருக்கட்டும்.

பரமக்குடி_ஆடிட்டர்_ஆபீஸ்:

ரீல்ஸ் எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பர வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பொருள் தயாரிப்பவர், பரிந்துரைப்பவர் இருவருக்குமே பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், சாப்பிட்டுப் பார்த்தேன்" என்று அவர் நடிக்கக் கூடாது. "கட்டண விளம்பரம்" என்று போடச் சொல்லுங்கள். அதேபோல், சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத வைக்கும் யோசனையை ஏஜென்சி கொடுத்தால் வேண்டாம். இணைய விமர்சனங்களுக்கும் இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரவிதி கொண்டுவந்தது. இப்போதைக்குக் கட்டாயம் இல்லை என்று நினைத்தாலும், போலி விமர்சனம் ஏமாற்று என்பதில் மாற்றமில்லை.

தங்கச்சிமடம்_பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உப்பைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்ன இடத்தில் "என் கைய நம்பலையா அந்தக் காக்கா?" என்று சிரித்தார். ஆனாலும் இன்றைக்குச் சீலாவுக்கு உப்புப் போடும்போது அவரே தராசை எடுத்துவைத்தார்.

ரீல்ஸ்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐம்பது கிராம் பாக்கெட் அடுத்த பார்சலிலிருந்து. உச்சிப்புளியில் தெரிந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவர் வழியாக முயன்று பார்க்கிறேன். வேன் டிரைவர் யோசனைக்கு மச்சான் குஷியாகிவிட்டார், அதை அவர் தலையிலேயே கட்டியாயிற்று.

காக்கா, இன்னும் ஒரு கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் உண்டு, ஆனால் அது பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும், கருவாட்டுக்கு மிஞ்சாது. அந்த இரண்டு மாதம் சரக்கு இல்லை என்றால் பேச்சு அறுந்துபோகாதா? வெளியிலிருந்து வாங்கி எங்கள் பாக்கெட்டில் போட்டு ஓட்டலாம் என்று ஒரு வியாபாரி சொல்கிறார்.

கீழக்கரை_காக்கா:

அறுந்துபோகாது. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால்தான் அறுந்துபோகும். மார்ச் கடைசியிலேயே எல்லாருக்கும் மெசேஜ் போடுங்கள்: தடைக்காலம் வருகிறது, இத்தனை கிலோ நெத்திலிதான் கையில் இருக்கிறது, வேண்டியவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று. உள்ளதை உள்ளபடி. சென்னையில் பாதிப் பேருக்கு மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று இருப்பதே மீன் விலை ஏறும்போதுதான் நினைவுக்கு வரும். ஏன் தடை, அது மீன் முட்டையிடும் பருவம், உங்கள் ஊர்ப் படகுகள் அப்போது என்ன செய்கின்றன, வலையை எப்படிப் பழுது பார்க்கிறார்கள் என்று வாரம் ஒரு போட்டோவும் நாலு வரியும் அனுப்புங்கள். அதை அவர்கள் அடுத்தவருக்கு அனுப்புவார்கள், சரக்கே இல்லாத மாதத்திலும்.

வியாபாரி சொல்வது எங்கே போகிறது என்று தெரிகிறது. கேரளாவில் டிராலிங் தடை ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பக்கத்துச் சரக்கு இங்கே லாரியில் வரும். அது மட்டமான மீன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் உப்பு உங்கள் அம்மா போட்ட உப்பு இல்லை, யார் எங்கே காய வைத்தது என்றும் உங்களுக்குத் தெரியாது. விற்றே ஆகவேண்டும் என்றால் வேறு நிற லேபிள் ஒட்டி, எங்கே வாங்கியது என்று எழுதி விற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட்டில் போடாதீர்கள்.

அப்புறம், ஜூலையில் உங்கள் ஊர் சந்தியாகப்பர் தேவாலயத் திருவிழாவுக்கு வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் வருவார்கள் இல்லையா? ஜூன் 15 விடிந்து படகு இறங்கினால், முதல் நெத்திலி காய்ந்து பாக்கெட்டுக்கு வர அதுவரை நேரம் இருக்கிறது. யார் யார் வருகிறார்கள் என்று ஜூன் கடைசியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும்போது பையில் இடம் இருக்கும்போதே சொன்னால்தான் உண்டு.